வீடு பூட்டியிருந்தது

ஜூன் 3, திங்கள்

இன்றைக்கும் கை தட்டினோம். காலை ஏழே காலுக்கு, பழங்காநத்தம் குடோனில், முப்பது ஆம்பளைகள் வட்டமாக நின்று மூன்று தடவை. கை தட்டினால் உடம்பில் எனர்ஜி ஏறுமாம். எனக்கு ஏறியது எரிச்சல். நாற்பத்தோரு வயதில், பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, பார்சல் மூட்டைகளுக்கு நடுவே நின்று கை தட்டுகிறவன் என்ன ஜென்மமோ தெரியவில்லை.

தட்ட வைப்பவர் எங்கள் மேனேஜர் நிதின். கோயம்புத்தூர்க்காரர், வயது இருபத்தேழு. இன்று ஒரு புதுத் திட்டம் சொன்னார். இன்று தொடங்கி அறுபது நாள் ஒரு சிவப்புக்கூட இல்லாமல் ஓட்டுகிறவனுக்குக் குடும்ப மருத்துவக் கார்டு. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

சிவப்பு என்பது செல்போன் ஆப்பில் நம் பெயருக்கு எதிரே விழும் புள்ளி. காலையில் கையில் வாங்கிய பார்சலைச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தால் சிவப்பு. லீவு போட்டால் சிவப்பு. வண்டி பஞ்சரானாலும் சிவப்பு. வாடிக்கையாளர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தால் மட்டும் நம் மேல் குற்றமில்லை. பூட்டிய கதவைப் படம் எடுத்து ஏற்றி, "வீடு பூட்டியிருந்தது" என்ற கட்டத்தை அமுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ராக்குவிடம் சொன்னேன். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மூன்று வருஷமாக மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது. எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி எட்டு மாதமாகிறது. அவளுடைய அக்கா ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராததிலிருந்து, இந்த டாக்டரம்மாவைத் தவிர வேறு யாரிடமும் வயிற்றைக் காட்ட மாட்டேன் என்று பிடிவாதம். டாக்டரம்மாவின் நர்சிங் ஹோம் நமக்கு எட்டுகிற இடமில்லை. கார்டு இருந்தால் எட்டும்.

"அறுபது நாளுதானே? எண்ணிருவோம்யா" என்றாள் ராக்கு.

ஜூன் 4, செவ்வாய்

எண்பத்தோரு பார்சல். ஒன்றும் திரும்பவில்லை. முட்டி வலி.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வேலை. லீவு கேட்டவன் ஒருத்தனிடம் நிதின் சார், "ப்ரோ, கமிட்மெண்ட் இல்லாதவங்களுக்கு கார்டு எதுக்குங்க?" என்றார். ப்ரோவாம். என் தம்பி வயதுகூட இல்லை.

என்ன பிழைப்பு இது! வண்டியில் ஒரு காலி பாட்டில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. கக்கூஸ் தேடிப் போனால் பத்து நிமிஷம் போகும், பத்து நிமிஷம் நின்றால் போன் கத்தும். ஒவ்வொரு வாசலிலும், "அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்கம்மா" என்று பல்லை இளிக்க வேண்டும். திருநகரில் ஓர் அம்மா, "நாளைக்குப் போடுறேம்ப்பா" என்று நாயை விரட்டுகிற மாதிரி கையை ஆட்டினார். அதற்கும் நன்றி சொன்னேன். தூ!

ஜூன் 14, வெள்ளி

இன்று ஒரு அசிங்கத்தைப் பார்த்தேன்.

பசுமலையில் ஒரு தெருவுக்குள் திரும்புகிறேன், எங்கள் குடோன் பையன் சேவுகன் ஒரு வீட்டு கேட்டருகே வண்டியை நிறுத்தியிருக்கிறான். பையன் என்றால் இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். உள்ளே டிவி சீரியல் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. இவன் பெல்லை அடிக்கவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு பூட்டை எடுத்தான். கேட் கொண்டியில் மாட்டினான். போனில் ஒரு படம் எடுத்தான். பூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிளம்பத் திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"என்னடா பண்ற?"

"வீடு பூட்டியிருந்துச்சுண்ணே" என்று சிரித்தான்.

"உள்ள ஆள் இருக்குடா. சத்தம் கேக்குது."

"கேக்கட்டும். மணி ஆறரை. இன்னும் இருபத்தாறு பார்சல் கெடக்கு. எட்டுக்குள்ள அம்புட்டையும் முடிக்க நான் என்ன ரெக்கை கட்டியா பறக்குறது? இத நாளைக்குக் குடுத்துக்கலாம். சிவப்பு வராது, யாருக்கும் நட்டமில்ல."

"ச்சீ, வெக்கமா இல்ல?"

"இருந்துச்சு. மொத வாரம் இருந்துச்சு." அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்ணே, குடோன்ல நீ ஒருத்தன்தேன் இன்னும் யோக்கியன். கீழமாசி வீதில டஜனாச் சொல்லி வாங்கியாந்தோம், எல்லாம் ஒரே பூட்டு. அம்புட்டுப் பேரு பையிலயும் கெடக்கு. போயி நிதின் சார்ட்ட வேணா சொல்லு. அவருக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற?"

வீட்டுக்கு வந்து குளித்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டேன். வீட்டுக்குள் மனிதர்களை வைத்துக்கொண்டே வெளியே பூட்டு மாட்டிப் படம் எடுக்கிற புத்தி எந்த மிருகத்துக்காவது வருமா?

ஜூன் 22, சனி

சேவுகன் ஒரு பூட்டைக் கொண்டுவந்து என் பையில் போட்டான். வேண்டாம் என்றால் ஒதுங்கிப் போகிறேன் என்று நினைப்பான். கிடந்துவிட்டுப் போகட்டும். உபயோகிக்கப் போவதில்லை.

இருபதாவது நாள். எல்லாம் பச்சை.

ஜூன் 25, செவ்வாய்

அவனியாபுரத்தில் மழை. மூன்று பார்சல் மிச்சம். ஏழே முக்கால் ஆகிவிட்டது. காலையில் ராக்கு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணிலேயே நின்றது.

ஒரே ஒரு தடவை. அவளுக்காக. அந்த மூன்று பேருக்கும் மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கொடுத்துவிடுவேன்.

ஜூலை 2, செவ்வாய்

புது வினை. பூட்டைச் சும்மா கொண்டியில் தொங்கவிட்டுப் படம் எடுத்தால் ஆப் இனி ஏற்காதாம். "கதவு பூட்டப்பட்டிருப்பது உறுதியாகவில்லை" என்று திருப்பி அனுப்புகிறது. படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துப் பூட்டின் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறது. மனுஷன் எண்பது பார்சல் சுமக்க முடியுமா என்று கண்டுபிடிக்க மட்டும் அதற்குக் கண் கிடையாது.

ஆக, இப்போது பூட்டை அமுக்கிப் பூட்ட வேண்டும். சாவி இல்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பூட்டு இது. பூட்டு, படம் எடு, சாவி போட்டுத் திற, கிளம்பு. பதினைந்து விநாடி கூடுதல். இன்று காலை மீட்டிங்கில் நிதின் சார் இதைச் சொன்னபோது யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார். "கைஸ், ப்ரூஃப் பக்காவா இருக்கணும். எப்படின்னு நான் கேக்க மாட்டேனுங்க."

சேவுகன் சொன்னது சரிதான், இவருக்கு எல்லாம் தெரியும்.

ஜூலை 9, செவ்வாய்

ராக்கு ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்துவிட்டாள். யாரோ சோடா வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். நான் அப்போது வில்லாபுரத்தில் யாருக்கோ தலையணை உறை கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது, எடுக்கவில்லை.

முப்பத்தேழாவது நாள். இந்த வாரம் எத்தனை தடவை பூட்டினேன் என்று எழுத விருப்பமில்லை. எல்லாம் மறுநாளே கொடுத்தாகிவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

பகல் பன்னிரண்டு இருபதுக்குப் பசுமலையில் ஒரு மாடி வீடு. கிரைண்டர் பார்சல், பதினாலு கிலோ, இரண்டாவது மாடி. கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. மாடிக்குப் போகிற படிக்கட்டுக்குத் தனி கிரில் கேட். இந்த வெயிலில் இந்த முட்டியை வைத்துக்கொண்டு எவன் ஏறுவது? பெல் அடித்தேனா என்று இப்போது சரியாக நினைவில்லை. அடித்திருப்பேன்.

பூட்டினேன். படம் எடுத்தேன். படம் ஏறியது. சாவியை எடுக்கும்போது நிதின் சார் போன். திருநகரில் யாரோ பெரிய ஆளுக்கு வாட்ச் வரவில்லையாம், கம்பெனி மேலிடம் வரைக்கும் புகார் போய்விட்டதாம். "அஞ்சு நிமிஷத்துல அங்க இருக்கோணும் ப்ரோ, இல்லீன்னா உங்களுக்குச் சிவப்பு, எனக்கும் சிவப்பு" என்று கத்தினார். காதில் போனை இடுக்கிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

மூன்று மணிக்கு டீக்கடையில் பைக்குள் கை விட்டபோதுதான் பூட்டு இல்லை என்று தெரிந்தது. சாவி சட்டைப் பையில் இருக்கிறது. திரும்பப் போகலாமா என்று நினைத்தேன். இன்னும் நாற்பது பார்சல். வீட்டில் ஆள் இருந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். இருந்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 15, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கிரைண்டர் இன்றைய பட்டியலில் திரும்ப வந்தது. போனேன். கிரில் கேட்டில் கொண்டியையே காணோம். அறுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை பெல் அடித்தேன். ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயதிருக்கும். முகம் வீங்கியிருந்தது. பெயர் பூங்கோதை.

"நேத்தும் நீங்கதான் வந்தீங்களாண்ணே?"

"ஆமாம்மா. வீடு பூட்டியிருந்துச்சு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "பூட்டுனவன் நாசமாப் போக! உள்ள நான் இருந்தேண்ணே."

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். புருஷன் இல்லை. நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குத் திருமங்கலத்தில் அரசாங்க ஆபீஸ் உதவியாளர் வேலைக்குப் பரீட்சை. ஒன்றரைக்குமேல் உள்ளே விட மாட்டார்கள். பன்னிரண்டரைக்குக் கிளம்பி இறங்கி வந்தால் கேட்டில் பூட்டு. கத்தியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, எதிர் வீட்டில் ஆளில்லை. தெருமுனையில் இருந்து இரண்டு பேர் ஓடி வந்து கல்லால் அடித்துப் பார்த்து, முடியாமல், பட்டறையிலிருந்து ஆள் கூட்டி வந்து அறுக்க ஒன்றே கால். ஆட்டோ பிடித்துப் போய் இறங்கும்போது இரண்டு மணி ஐந்து நிமிஷம். வாசலில் நின்று காலில் விழுந்திருக்கிறாள். விடவில்லை.

"வயசு வரம்பு இந்த வருசத்தோட முடியுதுண்ணே. நாலு வருசமாப் படிச்சேன். இனிமே எழுத முடியாது."

நான் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். அதற்கு நன்றி சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "கீழ்வீட்டு ஓனருதான். மகளக் குடிவைக்கணும், காலி பண்ணுன்னு ஆறு மாசமா நச்சரிப்பு. நேத்துப் பதினோரு மணிக்குக் குடும்பத்தோட உசிலம்பட்டிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனாரு. போகும்போது பூட்டிட்டுப் போயிருக்காரு. பரீட்சைன்னு அவருக்கும் தெரியும்."

அப்புறம் தன் போனைக் காட்டினாள். எங்கள் கம்பெனியிலிருந்து அவளுக்குப் போன குறுஞ்செய்தி. "தங்கள் வீடு பூட்டியிருந்ததால் பார்சலை வழங்க இயலவில்லை." கீழே நான் எடுத்த படம். கிரில் கேட், பூட்டு, நேரம் 12.21.

"சாமி மாதிரி வந்து படம் எடுத்திருக்கீங்கண்ணே. நீங்கதான் எனக்குச் சாட்சி."

ஜூலை 16, செவ்வாய்

சாவியைக் கால்வாயில் எறிந்தேன். நாற்பத்து நான்காவது நாள்.

ஜூலை 17, புதன்

வீட்டுக்காரர்மேல் புகார் கொடுத்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் பூங்கோதை போன் செய்தாள். நிதின் சாரிடம் ஒரு மணி நேரம் கேட்டேன். விடமாட்டார் என்று நம்பித்தான் கேட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கம்பெனி ப்ரூஃப் போலீஸ் கேஸ்ல யூஸ் ஆகுதா? சூப்பருங்க! போங்க போங்க, பர்மிஷன் போட்டுக்கறேன். போட்டோ எடுத்துட்டு வாங்க."

பெஞ்சில் பூங்கோதை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வீட்டுக்காரர். சுந்தரராசு என்று பெயர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்து வயது. கல்யாணத்துக்குப் போட்டுப் போன அதே வேட்டி சட்டையோ என்னவோ, மடிப்புக் கலையாமல் இருந்தது. "நான் பூட்டல சார், என் மகமேல சத்தியமா நான் பூட்டல" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

எஸ்.ஐ. என்னைக் கேட்டார். "நீ போனப்ப பூட்டு தொங்குச்சா?"

"தொங்குச்சு சார்."

"இதான் நீ எடுத்த படமா?"

"ஆமா சார்."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யோசித்துப் பார்த்தால் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பூட்டு தொங்கத்தான் செய்தது. படம் எடுத்ததும் நான்தான். யார் பூட்டியது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

சுந்தரராசுவை மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதாவிட்டால் கேஸ் என்றதும் எழுதினார். இன்னும் மூன்று வருஷம் அவளைக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன் என்றும் எழுதினார். வெளியே வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க பாத்ததத்தான் சொன்னீங்க. ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அறைந்திருந்தால் தேவலை.

ஜூலை 18, வியாழன்

காலை மீட்டிங்கில் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டுக் காட்டினார் நிதின் சார். அந்தப் படம். கிரில் கேட், பூட்டு, 12.21. "ஒரு போட்டோ, ஒரு லேடிக்கு நியாயம் வாங்கிக் குடுத்திருக்குதுங்க. இதுதான் நம்ம ப்ரூஃபோட பவர். தனுஷ்கோடி அண்ணனுக்கு ஒரு பெரிய கைதட்டல்!"

பூட்டு ஆளுயரத்துக்குச் சுவரில் தொங்கியது. முப்பது பேருக்கும் அந்தப் பூட்டைத் தெரியும். என்னைத் தவிர எல்லார் பையிலும் அதே பூட்டு இருக்கிறது. நான் சேவுகனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். என்றைக்கும் இல்லாத பலத்தோடு தட்டினார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை போலும்.

சட்டையில் "ஸ்டார்" என்று ஒரு பேட்ஜ் குத்திவிட்டார். நாள் முழுக்க அதோடுதான் சுற்றினேன். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள்.

கருமம். கருமம். கருமம்.

ஜூலை 24, புதன்

ஆடித் தள்ளுபடி. தொண்ணூற்று நான்கு பார்சல். சேவுகன் எனக்கு வேறு பூட்டு கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அறுபதாவது நாள். பச்சை. முப்பது பேரில் பதினொரு பேர் தேறியிருக்கிறோம். கார்டைக் கையில் கொடுத்தார்கள். அதில் ராக்குவின் பெயரை "ராக்கம்மாள்" என்று சரியாகவே அடித்திருக்கிறார்கள்.

அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கெட்டிக்காரன்யா நீ" என்றாள். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று ஆப்பரேஷன். நான் ஆஸ்பத்திரியில் இல்லை.

சுதந்திர தினத் தள்ளுபடி முடிகிற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாதாம். "கார்டு குடுத்தாச்சுங்களே ப்ரோ, இனி கம்பெனிக்கு நீங்க குடுக்கோணும்." லீவு போட்டால் கார்டு அன்றைக்கே நின்றுவிடும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். யார் படித்தது?

ராக்குவுக்குக் கூட இருக்க ஆளில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு சின்னப் பார்சல் கொடுக்கப் போனபோது, ஸ்டேஷன் பெஞ்சில் ராக்குவைப் பற்றி நான் சொன்னதை நினைவு வைத்திருந்து பூங்கோதை, "மதினிக்கு எப்பண்ணே ஆப்பரேஷன்?" என்று கேட்டாள், சொன்னேன். அவ்வளவுதான். காலையில் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வெந்நீர் பிளாஸ்க்கோடு நிற்கிறாள். "நீங்க சோலியப் பாருங்கண்ணே. எனக்கு நீங்க பண்ணுனதுக்கு இதெல்லாம் ஒரு விசயமா?"

நல்லபடி முடிந்தது என்று பதினொன்றரைக்கு அவள்தான் போன் செய்தாள். ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா ஏன் அழுகிறாய் என்று கேட்டார். ஐந்து ஸ்டார் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூங்கோதை ராக்குவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள். ராக்கு, "தையல் இழுக்குதுடி, சிரிக்க வைக்காத" என்கிறாள். நான் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் கதவருகே நின்றேன்.

பூங்கோதை வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். தெருவில் பிள்ளைகள் அவரைப் "பூட்டுத் தாத்தா" என்று கூப்பிடுகிறார்களாம். டீக்கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாராம். மாடி கிடைக்காது என்றதும் மகள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாளாம். "பாக்கப் பாவமாத்தான் இருக்கு. ஆனா என் நாலு வருசம் போச்சேண்ணே" என்றாள்.

ராக்கு என்னைப் பார்த்து, "ஏன்யா மொகம் இப்பிடி இருக்கு?" என்றாள்.

வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

தையல் பிரித்தாகிவிட்டது. ராக்கு தானாக நடந்து வந்து ஆட்டோ ஏறினாள். டாக்டரம்மா கணக்கை முடித்துக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சுந்தரராசுவுக்கு ஒரு பார்சல் வந்தது. ஒரு ஜோடி செருப்பு. வேறு யாரிடமாவது தள்ளிவிடலாமா என்று பார்த்தேன், யாரும் வாங்கவில்லை. பூட்டை மாட்டிப் படம் எடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றும் நினைத்தேன். இதை எழுதும்போது என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. அந்த வீட்டு கேட்டில், மறுபடியும்!

பெல் அடித்தேன். அவரே வந்தார். பாதியாக இளைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"தம்பி, கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க பாத்தப்ப அந்தப் பூட்டு புதுசா இருந்துச்சா, பழசா இருந்துச்சா?"

"எதுக்குங்கய்யா?"

"எங்க வீட்டுல அந்த மாதிரிப் பூட்டே கெடையாதுன்னுதான் நெனச்சிருந்தேன். இப்ப அதுவும் சந்தேகமா இருக்கு. வயசாயிருச்சுல்ல? கெளம்புற அவசரத்துல, எங்கயோ கெடந்த பூட்ட எடுத்து, நாந்தேன் மாட்டிட்டு மறந்துட்டேனோன்னு தோணுது. எம் பொஞ்சாதியும் அப்பிடித்தான் சொல்றா. ஒங்களுக்கு மறதி ஜாஸ்தின்றா. டாக்டர்ட்டக் காட்டணும்னு சொல்லிக்கிட்டிருக்கா. நீங்க கண்ணால பாத்தவரு. அதேன் கேட்டேன்."

"நீங்க பூட்டலய்யா. நான் பூட்டுனேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பார்சல், முட்டி, ஆப், படம், நிதின் சார் போன், சாவி. பாதியில் அவர் எழுந்து நின்றுவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். வாசலுக்குப் போய் மேலே பார்த்து, "பூங்கோதை, கொஞ்சம் கீழ வாம்மா" என்று கூப்பிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன், அவள் தயங்கித் தயங்கித்தான் இறங்கி வந்தாள்.

என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "அண்ணே! மதினி நல்லா நடக்குறாங்களா?"

"அவுக கிட்டயும் சொல்லுங்க தம்பி" என்றார் சுந்தரராசு.

சொன்னேன். முதல் தடவை சொல்வது சுலபமாக இருந்தது. இரண்டாவது தடவை நாக்கு புரளவில்லை. முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"ஸ்டேஷன்ல பக்கத்துல உக்காந்திருந்தப்பயும் தெரியுமாண்ணே?"

"தெரியும்மா."

"ஆஸ்பத்திரில நான் மதினிக்குத் தலை பின்னுனப்பயும்?"

தலையை ஆட்டினேன். அவள் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். சட்டைப் பையில் போன் கத்திக்கொண்டே இருந்தது. ஒரே இடத்தில் இருபது நிமிஷம் நிற்கிறேனாம். அணைத்துவிட்டேன். இந்த வேலைக்கு வந்த பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

சுந்தரராசு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டும். மிச்சம் முப்பத்து மூன்று பார்சலையும் குடோனில் கொண்டுபோய்க் கொட்டினேன். நிதின் சார் ஏதோ கத்தினார். காதில் விழவில்லை.

வேறு யாராவது சொல்லி ராக்குவுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நேராக வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே ஆய்ந்தாள். ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது.

"எப்பச் சொன்ன அவுககிட்ட?"

"இன்னைக்கு. இப்பத்தான்."

"தையல் என்னைக்குப் பிரிச்சாக?"

"முந்தாநாள்."

"கார்டு வேல முடிஞ்சப்புறம் ஒனக்கு வாய் தெறந்திருக்கு."

"ஒனக்காகத்தான் ராக்கு. ஒன் வயித்துக்காக..."

"என் வயித்தச் சொல்லாத!" கீரைத் தட்டு கீழே விழுந்தது. அவளுக்கு இன்னும் சத்தம் போட்டுப் பேசத் தெம்பில்லை, மூச்சு வாங்கியது. "நான் கேட்டனா? அந்தப் புள்ளய உள்ள வச்சுப் பூட்டிட்டு வா, நான் பொழைக்கணும்னு கேட்டனா? ஆப்பரேஷன் அன்னைக்கு மயக்கம் தெளிஞ்சப்ப மொதல்ல அவ மொகத்தத்தான்யா பாத்தேன். மூணு நாளு என் பீய அள்ளுனா. நீ கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க. இம்புட்டு நாளும் என் வயித்தக் காட்டியே பொழச்சிட்ட. இனிமே அதக் காரணஞ் சொன்ன, இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

நான் தரையில் கிடந்த கீரையைப் பொறுக்கப் போனேன். தொடாதே என்றாள்.

நாளை ஸ்டேஷனுக்கு அவளும் வருகிறாளாம். இந்த உடம்போடு வேண்டாம், ஆட்டோ குலுக்கும் என்றேன். கேட்கவில்லை. பசுமலைக்குப் போய் அங்கிருந்து பூங்கோதையோடு வருகிறாளாம். என்னைத் தனியாக வரச் சொல்லிவிட்டாள்.